சுத்தியல் தெரிந்தது, திருப்புளி தெரியவில்லை

வாசகர் கடிதம்:

ஐயா, எனக்கு 55 வயது. புத்தக வடிவமைப்பு தொழில். 1994-ல் ஆப்பிளின் பவர் மேக்கிண்டோஷ் 6100 முன்னால் உட்கார்ந்தவன், அதன்பின் வேறு கம்ப்யூட்டரில் வேலை செய்ததே இல்லை. 1997-ல் ஆப்பிள் மூழ்கப்போகிறது என்று எல்லோரும் சிரித்தபோது அவர்களோடு சண்டை போட்டேன். காந்தி படம் போட்ட ‘திங்க் டிஃபரன்ட்’ (வேறு மாதிரி யோசி) என்ற ஆப்பிள் சுவரொட்டியை மேசைக்கு மேல் ஒட்டிவைத்தேன். உலகமே ஒரு பக்கம் போனால் நாம் மறுபக்கம் என்ற கர்வம் அது.

2024 மே மாதம் ஒரு ஐபேட் விளம்பரம் வந்தது. பியானோ, ட்ரம்பெட், வண்ணக் குப்பிகள் எல்லாவற்றையும் ஒரு ராட்சத அழுத்து இயந்திரம் நசுக்குகிறது. என் மகள் பியானோ வாசிப்பவள். “இதுதானாப்பா உங்க கலகக்காரக் கம்பெனி?” என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. 2025 ஆகஸ்டில் அதன் தலைவர் வெள்ளை மாளிகைக்குப் போய், தங்க அடித்தட்டு வைத்த கண்ணாடிப் பரிசை அதிபரிடம் கொடுத்ததைப் பார்த்த அன்று சுவரொட்டியைக் கழற்றிவிட்டேன்.

கேட்க விரும்புவது இரண்டு. முப்பது வருடம் நான் ஏமாந்தேனா? இனி இதை விட்டு வெளியே வர முடியுமா? என் வேலை, படங்கள், பாட்டு எல்லாமே அதற்குள்தான் இருக்கின்றன.

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்:

இரண்டாவது கேள்விக்கு உடனே சொல்லிவிடுகிறேன்: முடியும். எப்படி என்பதைக் கடைசியில் பார்ப்போம். முதல் கேள்விதான் கஷ்டம். மனசைப் பற்றிப் பேச நான் ஆளில்லை. 28 வருடமாக எனக்குத் தெரிந்தது பெட்டியைத் திறப்பது. அதனால் பெட்டியிலிருந்தே தொடங்குகிறேன்.

நான் தொழில் பழகிய காலத்தில், பழுது பார்க்க ஒரு மேக்கிண்டோஷ் பிளஸ் வந்தது. 1984-ல் வந்த முதல் மேக்கின் அதே உடம்பு. மேலே தூக்குவதற்கு ஒரு கைப்பிடிப் பள்ளம் உண்டு. அந்தப் பள்ளத்துக்குள் ஆழமாக இரண்டு திருகுகள், கீழே இரண்டு, பேட்டரி மூடிக்குள் ஒளிந்து ஒன்று. என்னிடம் இருந்த திருப்புளி எதுவும் சேரவில்லை. திருகின் தலை ஆறுமுனை நட்சத்திரம். அதற்கான முனை கிடைத்தும் பயனில்லை, தண்டு குட்டை. ஏறக்குறைய ஒரு சாண் நீளத்தில் நட்சத்திர முனைத் திருப்புளி வேண்டும். அப்போது சாதாரணமாக யார் கையிலும் அது கிடையாது. அதை வரவழைத்துத் திறப்பதற்குள் இரண்டு வாரம் ஓடிவிட்டது.

திறந்ததும் ஒன்று பார்த்தேன். பின்மூடியின் உட்புறத்தில், பிளாஸ்டிக்கிலேயே வார்த்த கையெழுத்துகள். அந்த இயந்திரத்தை உருவாக்கிய குழுவினருடையவை. ஓவியன் படத்தில் கையெழுத்து இடுவதுபோல இட்டிருக்கிறார்கள். உடம்பு சிலிர்த்தது என்று சொன்னால் மிகையில்லை. ஆனால் அதை வாங்கியவர் பார்க்கவே முடியாத இடத்தில் அல்லவா இட்டிருக்கிறார்கள்! வாங்கியவர் உள்ளே வரக் கூடாது என்பதற்காகத்தானே அந்த ஒரு சாண் திருப்புளி!

இப்போது தேதியைக் கவனியுங்கள். 1984 ஜனவரி 22 அன்று, ‘சூப்பர் பௌல்’ என்ற அமெரிக்கக் கால்பந்து இறுதிப் போட்டியின் நடுவே அந்தப் புகழ்பெற்ற விளம்பரம் ஒளிபரப்பானது. ரிட்லி ஸ்காட் இயக்கியது. சாம்பல் நிறக் கூட்டம் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்க, ஒரு பெண் ஓடிவந்து சுத்தியலை வீசித் திரையை உடைக்கிறாள். கம்ப்யூட்டர் இயங்குவதை ஒரு நொடிகூடக் காட்டவில்லை. இரண்டு நாள் கழித்துக் கம்ப்யூட்டர் விற்பனைக்கு வந்தது, விலை 2,495 டாலர். 128 கிலோபைட் நினைவகம் பலகையோடு ஈயம் வைத்து ஒட்டியது. கூடுதல் அட்டை செருக ஒரு துளைகூடக் கிடையாது. சுத்தியலை எல்லோரும் பார்த்தோம். திருப்புளியை யாரும் பார்க்கவில்லை.

ஏழு வருடம் முன்னால் இதே நிறுவனம் வேறு மாதிரி இருந்தது. 1977-ல் வந்த ஆப்பிள் 2-ன் மூடியைக் கையாலேயே தூக்கலாம். உள்ளே எட்டுச் செருகு இடங்கள். இரண்டு போதும், பிரிண்டருக்கு ஒன்று மோடத்துக்கு ஒன்று என்றார் ஸ்டீவ் ஜாப்ஸ். இரண்டுதான் வேண்டுமென்றால் வேறு கம்ப்யூட்டர் பார்த்துக்கொள் என்று ஸ்டீவ் வாஸ்னியாக் அடம்பிடித்து ஜெயித்தார். ஜெயித்த கதை அதோடு முடிந்தது. வாஸ்னியாக் தன் முதல் கம்ப்யூட்டரின் சுற்று வரைபடத்தை ஹோம்ப்ரூ கம்ப்யூட்டர் கிளப்பில் இலவசமாகக் கொடுத்தவர். ஜாப்ஸ் அதைப் பலகையாக்கி விற்கலாம் என்றவர். இந்த இரண்டு பேரும் ஒரே கூரையின் கீழ் இருந்ததுதான் ஆப்பிள். நீங்கள் காதலித்தது ஒருவரை, தாலி கட்டியது இன்னொருவரோடு. (என் மனைவி படித்தால் இந்த வரியை அடித்துவிடுவாள். இருக்கட்டும்.)

கலகம் பொய் என்று சொல்லவில்லை. 1983-ல் மேக் குழு இருந்த கட்டிடத்தில் கடற்கொள்ளையர் கொடி பறந்தது. ஸ்டீவ் காப்ஸ் தைத்த துணியில் சூசன் கேர் மண்டை ஓட்டை வரைந்து, ஒரு கண்ணுக்கு வானவில் ஆப்பிளைப் பட்டையாகப் போட்டார். அந்தக் கொடி அசல்தான், அந்த ராத்திரி விழிப்பும் அசல்தான். பின்னாளில் 2016-ல், நிறுவனத்தின் 40-வது ஆண்டு நிறைவுக்கு, தலைமையகத்தில் மறுபடி அதே மாதிரிக் கொடியை ஏற்றினார்கள். கொள்ளையர் கொடியை நிர்வாகமே முறைப்படி ஏற்றினால் அதற்கு என்ன பெயர்? ஆபீஸ் மொழியில் ‘ஆண்டு விழா’.

நீங்கள் சொன்ன 6100 கதையில்தான் எனக்குப் பெரிய வேடிக்கை. அந்த 1984 சுத்தியல் யாரைக் குறிவைத்தது என்று அன்று எல்லோருக்கும் தெரியும், கம்ப்யூட்டர் உலகின் அன்றைய ஜாம்பவான் ஐபிஎம். 1991-ல் அதே ஐபிஎம்மோடும் மோட்டோரோலாவோடும் ஆப்பிள் கூட்டுச் சேர்ந்தது. அந்தக் கூட்டில் பிறந்தது பவர்பிசி சிப். அந்த வரிசையின் முதல் சிப்பான 601-ஐத் தயாரித்தது ஐபிஎம். அதை வைத்து 1994 மார்ச்சில் வந்த முதல் தலைமுறை மேக்குகளில் ஒன்று 6100. அதாவது, உங்கள் கலக வாழ்க்கை தொடங்கிய நாளிலேயே அந்தப் பெட்டிக்குள் எதிரி உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான். அழகாகவே போட்டான்.

1997-ம் அப்படித்தான். நீங்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்த ஆகஸ்டில், பாஸ்டன் மேக்வேர்ல்டு மாநாட்டு மேடையில் ஜாப்ஸ் நின்றார். பின்னால் இருந்த பிரம்மாண்டத் திரையில் பில் கேட்ஸின் முகம். மைக்ரோசாஃப்ட் 15 கோடி டாலர் முதலீடு செய்கிறது என்ற அறிவிப்பு. கூட்டம் ஊளையிட்டது. திரையில் பெரிய முகம், கீழே உட்கார்ந்திருக்கும் கூட்டம் என்று 1984 விளம்பரக் காட்சி அப்படியே, சுத்தியல் மட்டும் இல்லை. அடுத்த மாதம் உங்கள் ‘திங்க் டிஃபரன்ட்’ விளம்பரங்கள் தொடங்கின. மேக் போன்ற கம்ப்யூட்டர்களைச் செய்து விற்க மற்றவர்களுக்குக் கொடுத்திருந்த உரிமத்தையும் அதே வருடம் ஜாப்ஸ் முடித்துவைத்தார். நிறுவனம் பிழைத்ததற்கு அந்த முதலீடும் இந்த உரிம ரத்தும் காரணங்கள். காந்தி படம் அவற்றில் ஒன்றல்ல.

ஆக, ஏமாந்தீர்களா? என் கணக்கில், இல்லை. ஏமாற்ற வேண்டுமானால் மறைத்திருக்க வேண்டும். திருகு வெளியே தெரிந்தது, கேட்ஸ் முகம் திரையில் தெரிந்தது, ஐபிஎம்மோடு கூட்டு ஊரறிய நடந்தது. நீங்கள் பார்க்க விரும்பியதைப் பார்த்தீர்கள். 25 வயதில் எல்லோரும் செய்வது இதுதான். எனக்கும் ஒரு நிறுவனம் இருந்தது. அதன் சின்னத்தைச் சட்டைப் பையில் குத்திக்கொண்டு திரிந்தேன். பெயர் வேண்டாம், இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது.

ஆனால் மகள் கேட்டதற்குப் பதில் இது ஆகாது. அவள் கேட்டது பழைய கதையை அல்ல, இன்றைய நடத்தையை. நீங்கள் எழுதியிருக்கும் இரண்டு குற்றச்சாட்டும் எனக்கு லேசானவையாகத்தான் படுகின்றன. நசுக்கும் விளம்பரம் ரசனைக் கோளாறு. இரண்டே நாளில், தவறிவிட்டோம் என்று மன்னிப்புக் கேட்டார்கள். தங்கத் தட்டு பார்க்க அருவருப்புதான். வரி விதிப்பவன் வாசலில் வியாபாரி பழத்தட்டோடு நிற்பது எந்தக் காலத்தில் இல்லை? கனமானவை வேறு இருக்கின்றன. அவற்றைச் சொல்லியிருந்தால் நானும் உங்களோடு சேர்ந்து சுவரொட்டியைக் கிழித்திருப்பேன்.

2017 டிசம்பரில் ஒப்புக்கொண்ட பேட்டரி விஷயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பேட்டரி பழசான ஐபோன்களை மென்பொருள் மூலம் வேகம் குறைத்திருக்கிறார்கள். தொழில்நுட்ப ரீதியில் அதற்கு நியாயம் உண்டு. தளர்ந்த பேட்டரியால் திடீர் உச்ச மின்தேவையைத் தாங்க முடியாது, போன் சட்டென்று அணைந்துவிடும். வேகத்தைக் குறைத்தால் அணையாது. தவறு, அதைச் சொல்லாததில். போன் கிழடாகிவிட்டது, புதுசு வாங்கு என்று மனிதன் முடிவு செய்கிறான். உண்மையில் அவனுக்குத் தேவைப்பட்டது ஒரு புது பேட்டரி. விஷயம் வெளியே வந்த பிறகு பேட்டரி மாற்றும் கட்டணத்தை 79 டாலரிலிருந்து 29 டாலருக்கு இறக்கினார்கள். 2020-ல் அமெரிக்காவில் 50 கோடி டாலர் வரை தருவதாக வழக்கு சமரசத்தில் முடிந்தது. விஷயம் வெளியே வருவதற்குள் எத்தனை நல்ல போன்கள் தூக்கி எறியப்பட்டிருக்கும் என்று என் மாதிரி ஆளுக்குத்தான் வயிறு எரியும்.

அடுத்தது ஆப் ஸ்டோர், ஐபோனுக்கான செயலிகளை விற்கும் ஆப்பிளின் கடை. வெளியே பணம் கட்டும் வழியைப் பயனருக்குக் காட்ட விடு என்று 2021-ல் கலிஃபோர்னியா நீதிபதி உத்தரவிட்டார். ஆப்பிள் காட்ட விட்டது. கூடவே, அப்படி வெளியே கட்டும் பணத்திலும் 27 சதவீதம் எனக்கு என்றது. உள்ளே கட்டினால் 30. இது வேண்டுமென்றே செய்த உத்தரவு மீறல் என்று 2025 ஏப்ரலில் அதே நீதிபதி தீர்ப்பெழுதினார். அந்த வழக்கைத் தொடுத்த எபிக் என்ற வீடியோ கேம் நிறுவனம் 2020-ல் என்ன செய்தது தெரியுமா? சுத்தியல் விளம்பரத்தையே கேலிச்சித்திரமாக எடுத்து வெளியிட்டது. திரையில் பேசியது ஆப்பிள்.

மறுபக்கமும் சொல்ல வேண்டும். 2016-ல் ஒரு கொலையாளியின் ஐபோனைத் திறக்க மென்பொருள் செய்துகொடு என்று எஃப்பிஐ நீதிமன்றம் வழியாகக் கேட்டபோது, முடியாது என்று ஆப்பிள் தலைவர் டிம் குக் பகிரங்கமாகக் கடிதம் எழுதினார். அந்த ‘முடியாது’வுக்கு நான் இன்றும் மரியாதை தருகிறேன். இரண்டு வருடம் கழித்து, சீனப் பயனர்கள் ஐகிளவுட் என்ற ஆப்பிளின் இணையச் சேமிப்பில் வைத்திருந்த தரவை குய்சோ மாகாண நிறுவனம் நடத்தும் சேவைக்கு மாற்றியதும் இதே நிறுவனம்தான். சட்டம் அப்படிச் சொல்கிறது, நாங்கள் கீழ்ப்படிகிறோம் என்றார்கள். ஓர் இடத்தில் நிமிர்ந்து நிற்பதும் இன்னோர் இடத்தில் குனிவதும் ஒரே மனிதர்தான். தைரியம் என்று நாம் நினைத்ததில் பாதி, எங்கே நிற்க முடியும் என்ற கணக்கு.

மகளிடம் இதையே சொல்லுங்கள் என்பேன். நியாயப்படுத்தவும் வேண்டாம், நெஞ்சில் அடித்துக்கொள்ளவும் வேண்டாம். “நான் காதலிச்சது அந்த இயந்திரத்தை, அதுல கத்துக்கிட்ட வேலையை. கம்பெனிக்காக வக்காலத்து வாங்கினதுதான் தப்பு” என்று சொன்னால் அவளுக்குப் புரியும். முடிந்தால் வாஸ்னியாக் பற்றியும் சொல்லுங்கள். 2021-ல், தன் எழுபதாவது வயதில், வாங்கியவனுக்குத் தன் பொருளைப் பழுது பார்க்கும் உரிமை வேண்டும் என்று வீடியோ போட்டுப் பேசினார் அந்த மனிதர். எட்டுத் துளை கேட்டவர் அப்படித்தான் பேசுவார்.

இனி, வெளியே வருவது.

அவசரம் வேண்டாம். ஒருநாள் கோபத்தில் எல்லாவற்றையும் விற்றுவிட்டு வந்தவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். மூன்று மாதத்தில் புகைப்படங்களைக் காணோம் என்று என்னிடமே வருவார்கள். படங்களில் ஒரு பொறி இருக்கிறது. ‘சேமிப்பிடத்தைச் சிக்கனமாக்கு’ என்ற அமைப்பு இயங்கிக்கொண்டிருந்தால், உங்கள் கருவியில் இருப்பது சிறு பிரதி மட்டுமே. அசல் படம் ஐகிளவுடில். அதை அணைத்து, ‘அசலை இறக்கிக்கொள்’ என்று மாற்றி, முழுவதும் இறங்கும்வரை காத்திருங்கள். பெரிய தொகுப்பென்றால் நாட்கணக்கில் ஆகும். பிறகு வெளி வட்டுக்கு நகல் எடுங்கள். நகல் எடுக்கும் முன்பே அந்த வட்டை எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மேட் செய்தால்தான் மற்றக் கம்ப்யூட்டர்களும் சிக்கலில்லாமல் படிக்கும். மேக் தானாகவே எடுத்துவைக்கும் டைம் மெஷின் நகல் இருக்கிறதே என்று நம்பாதீர்கள். அது மேக்கில் திரும்ப ஏற்றுவதற்கு, குடிபெயர்வதற்கு அல்ல.

பாட்டில் நல்ல செய்தி. 2009-க்குப் பிறகு விலைக்கு வாங்கிய பாடல்களில் நகல் பூட்டு இல்லை, எங்கும் ஓடும். மாதச் சந்தாவில் கேட்பவை சந்தா நின்றதும் நின்றுவிடும். வாங்கிய திரைப்படங்களில் பூட்டு இன்னும் உண்டு, கோப்பாக எடுத்துப்போய் வேறு எங்கும் ஓட்ட முடியாது.

கடவுச்சொற்களை ஒரே கோப்பாக ஏற்றுமதி செய்யலாம். அந்தக் கோப்பில் எல்லாம் பச்சையாக, படிக்கிற மாதிரி இருக்கும். புதிய இடத்தில் ஏற்றிய கையோடு அழியுங்கள், குப்பைத் தொட்டியிலிருந்தும் அழியுங்கள். சிம் கார்டை வேறு போனுக்கு மாற்றுகிற அன்று, அதைக் கழற்றும் முன் ஐமெசேஜை அணைக்க மறக்க வேண்டாம். மறந்தால் ஐபோன் வைத்திருக்கும் நண்பர்கள் அனுப்பும் செய்திகள் உங்கள் பழைய போனைத் தேடிப் போய்க்கொண்டிருக்கும். பதிலே போடுவதில்லை என்று அவர்கள் கோபித்துக்கொள்வார்கள். இதனால் முறிந்த ஒரு சிநேகிதத்தை நான் அறிவேன், மிகைப்படுத்தவில்லை.

தொழில் கோப்புகளில் நீங்கள் பயப்படுகிற அளவுக்கு ஆப்பிளின் பிடி இல்லை. அடோபி நிறுவனத்தின் வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனின் கோப்பு விண்டோஸிலும் திறக்கும். உண்மையான ஆபத்து வேறு. தொண்ணூறுகளில் பேஜ்மேக்கர் என்ற பழைய மென்பொருளில் செய்த புத்தகங்களை இப்போதைய இன்டிசைன் திறக்காது. பழைய போஸ்ட்ஸ்கிரிப்ட் டைப் 1 எழுத்துருக்களை 2023 ஜனவரியோடு அடோபி கைவிட்டுவிட்டது. அவர்கள் கலகக்காரர்கள் என்று சொல்லிக்கொள்ளாததால் உங்களுக்குக் கோபம் வரவில்லை, அவ்வளவுதான். பழைய புத்தகம் ஒவ்வொன்றுக்கும் எழுத்துரு பதித்த ஒரு பிடிஎஃப் இருக்கிறதா பாருங்கள். நிறுவனம் எதுவானாலும் இந்த வேலை பாக்கி.

இதெல்லாம் முடிந்த பிறகும் மேக்கிலேயே இருக்கத் தோன்றினால் இருங்கள். கதவு எங்கே என்று தெரிந்து உட்கார்ந்திருப்பவனுக்கு அறை வேறு மாதிரி இருக்கும். இன்டெல் சிப் கொண்ட மேக் என்றால், 2025-ல் வந்த இயங்குதளப் பதிப்புதான் அதற்குக் கடைசி என்று ஆப்பிள் அறிவித்துவிட்டது. அதில் லினக்ஸ் ஏற்றிப் பழகிப் பார்க்கலாம், கெட்டுப்போக ஒன்றுமில்லை.

சுவரொட்டியைக் கழற்றிவிட்டீர்கள், சரி. 6100 இன்னும் வீட்டில் இருக்கிறதா? எழுதவில்லை. இருந்தால் தூக்கிப் போட வேண்டாம், ஆனால் இந்த வாரமே ஒரு வேலை செய்யுங்கள். பலகையில் சுண்டு விரல் பாதி நீளத்துக்கு 3.6 வோல்ட் லித்தியம் பேட்டரி ஒன்று இருக்கும், கடிகாரத்துக்கானது. முப்பது வருடப் பேட்டரி கசிந்தால் பலகையையே தின்றுவிடும். மின்கம்பியை உருவிவிட்டு அதைக் கழற்றி எடுங்கள், மகளையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சாண் திருப்புளி தேட வேண்டியதில்லை. அந்த மாடலில் பின்பக்கத் தாழ்கள் இரண்டையும் தூக்கினால் மூடி கையோடு வந்துவிடும்.